நனையும் அறைக்கு ஓர் அலமாரி

எங்கள் வீட்டுக் குளியலறையில் பேசினுக்குக் கீழே இருந்த அலமாரியின் கதவு, கடந்த தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பாட்டியின் கையோடு கழன்று வந்துவிட்டது. நல்ல வேளையாகப் பாட்டி விழவில்லை. மற்றொரு கையால் பேசினைப் பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடியதும், கழன்ற கதவைக் கையில் வைத்தபடி பாட்டி "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்று சொல்லிக்கொண்டு நின்றதும் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு தளவாடக் கடையில் வாங்கிய அலமாரி அது. வெளியே பளபளக்கும் வெள்ளைத் தாள். உள்ளே மரத்தூளையும் மரச்சில்லுகளையும் பசையோடு அழுத்திச் செய்த துகள்பலகை. அடிப்பலகை தேநீரில் விழுந்த பிஸ்கட்டைப்போல ஊறி உப்பியிருந்தது. விரலால் குத்தினால் உதிர்ந்தது. அதை எடுத்து வெளியே போட்ட அன்றே அப்பா ஒரு குத்தகையாளரைக் கூப்பிட்டார். அலுமினியத்தில் புதிதாகச் செய்ய 1,100 ரிங்கிட் என்றார் அவர். அந்த மாதம் தம்பியின் பள்ளிக் கட்டணமும் கார் பழுதும் சேர்ந்து வந்திருந்தன. அப்பா எதுவும் பேசவில்லை.

எனக்கு அப்போது பல்கலைக்கழக விடுமுறை. "நான் செய்கிறேன்" என்று வாய் முந்திக்கொண்டது.

"உனக்கு ஆணி அடிக்கத் தெரியுமா?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். இடைநிலைப் பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் படித்திருக்கிறேன். அதில் பலகையை அறுத்ததைவிடத் தாளில் படம் வரைந்து வண்ணம் தீட்டியதுதான் அதிகம். மரவேலை என்று நான் அதுவரை செய்திருந்தது ஒரே ஒரு பேனாத் தாங்கி. அதுவும் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது.

முதலில் தண்ணீரைப் பார்த்தேன்

உங்களைப் போலவே நானும் முதலில் தேடியது காணொளிகளைத்தான். குளியலறை அலமாரி செய்வது எப்படி என்று ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். இரண்டு நாள் விடாமல் பார்த்த பிறகு ஒன்று உறுத்தியது. அவர்கள் குளியலறைத் தரையில் கம்பளம் விரித்திருக்கிறார்கள். குளிக்கும் இடம் கண்ணாடிக்குள் தனியாக இருக்கிறது. அலமாரி தரையில் உட்கார்ந்திருந்தாலும் அதன்மீது ஒரு சொட்டுத் தண்ணீர் படுவதில்லை.

நம் வீட்டுக் குளியலறை அப்படியா? ஐந்தடிக்கு ஏழடி இடத்தில் மலக்கூடம், பேசின், வாளி, செம்பு எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. குளித்து முடித்ததும் ரப்பர்க் குழாயைப் பிடித்துத் தரை முழுவதும் அடித்துக் கழுவாவிட்டால் அம்மாவுக்குத் திருப்தி வராது. காணொளியில் வருகிறவர் வறண்ட அறைக்குச் செய்வதை நான் அப்படியே நனையும் அறைக்குச் செய்தால், பழைய அலமாரி போன வழியில்தான் புதியதும் போகும்.

அதனால் ஒரு சின்னச் சோதனை செய்தேன். பழைய நாளிதழைக் கீற்றாகக் கிழித்து, தரையிலிருந்து ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் உயரத்துக்கும் ஒன்றாகச் சுவரில் ஒட்டினேன். வீட்டில் ஐந்து பேரும் வழக்கம்போலக் குளித்து முடித்ததும் எது எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்தேன். மூன்று நாளும் விடை ஒன்றுதான். 20 சென்டிமீட்டர் வரை காகிதம் தொப்பலாகிக் கிழிந்துவிட்டது. அதற்கு மேலே அங்கங்கே துளிகள் மட்டும். ஆக, அலமாரி தரையைத் தொடவே கூடாது. 25 சென்டிமீட்டர் மேலே சுவரில் தொங்க வேண்டும் என்று முடிவானது. அம்மாவின் ரப்பர்க் குழாயும் தடையில்லாமல் அடியில் போய் வரலாம்.

ஆனால் அந்த மூன்று நாளில் நான் தேடாத ஒன்றும் கண்ணில் பட்டது. பேசினுக்கு அருகில் ஒட்டியிருந்த மேல்கீற்று ஒன்று ஒவ்வொரு காலையும் பிய்ந்து கிடந்தது. தண்ணீர் எட்டாத உயரம் அது. நான்காம் நாள் காலை பாட்டி உள்ளே போகும்போது, "கதவைத் தாழ் போடாம இருங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். மலக்கூடத்திலிருந்து எழும்போது பாட்டியின் இடது கை தானாகவே அந்தப் பக்கம் நீண்டது. அங்கே பிடிக்க எதுவும் இல்லாததால் சுவரைத் தடவி, பேசினின் விளிம்பை எட்டிப் பிடித்தது.

பழைய அலமாரி இருந்தவரை அந்தக் கை பிடித்தது அதன் கதவின் மேல்விளிம்பை. நான்கு ஆண்டுகளாக, ஒரு நாளைக்கு ஆறேழு முறை. கீலைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகள் துகள்பலகையில் எவ்வளவு காலம் தாங்கும்? தண்ணீர் அதைப் பலவீனமாக்கியது உண்மை. பிடுங்கியது பாட்டியின் எடை. முட்டிவலி அவ்வளவு மோசமாகியிருக்கிறது என்று அவர் எங்களிடம் சொல்லவே இல்லை.

"எதுக்குச் சொல்றது? நீங்க உடனே டாக்டருகிட்ட இழுத்துக்கிட்டுப் போவீங்க" என்றார், கேட்டபோது.

அலமாரி வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, முதலில் ஒரு கைப்பிடிக் கம்பி வாங்கினேன். துருப்பிடிக்காத எஃகில் செய்தது, விலை 58 ரிங்கிட். இதை எப்படிப் பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் அடுத்த சாலையில் ஒரு சீன அங்கிள் இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் அலமாரி செய்யும் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய் நின்றேன். மலாயில்தான் பேசிக்கொள்வோம். கதையைக் கேட்டுவிட்டு, துளையிடும் இயந்திரத்தையும் ஒரு பழைய டின் நிறையத் திருகாணிகளையும் எடுத்துக்கொண்டு என்னுடனேயே வந்தார். வந்தவர் எதையும் செய்யவில்லை. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "நீ செய்" என்றார்.

ஓட்டுச் சுவரில் துளையிட்ட அனுபவம் இல்லாதவர்களுக்காக அவர் சொன்னதை எழுதுகிறேன். முதலில் விரல் முட்டியால் ஓட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெற்றாக ஒலித்தால் அதன் பின்னால் சிமெண்டுக் கலவை இல்லை. அந்த இடம் வேண்டாம். குழாய்க்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடக் கூடாது. சுவருக்குள் தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும். குறித்த இடத்தில் காகித ஒட்டுநாடாவை ஒட்டினால் துளையூசி வழுக்கி ஓடாது. ஓட்டைத் தாண்டும் வரை சுத்தியல் விசையை முடுக்கவே கூடாது. ஈட்டிமுனை ஊசியால் மெதுவாக, அழுத்தாமல். ஓடு தாண்டிச் செங்கல் வந்த பிறகுதான் ஊசியை மாற்றிச் சுத்தியல் விசையைப் போட வேண்டும். பிளாஸ்டிக் பிளக்கை ஓட்டின் மட்டத்தோடு நிறுத்தாமல் இன்னும் உள்ளே தள்ள வேண்டும். இல்லையென்றால் திருகாணி ஏறும்போது பிளக் விரிந்து ஓட்டை உடைத்துவிடும். திருகாணி போடுவதற்கு முன் துளைக்குள் கொஞ்சம் சிலிக்கோன், தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க.

ஆறு துளைகளுக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிந்ததும் அப்பா தம் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. அங்கிள் என்னைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார்: "இனி நீ செய்கிற அலமாரி வெறும் அலமாரியாக இருந்தால் போதும்."

பலகைக் கடையில்

அடுத்தது பலகை. எங்கள் ஊர் ஹார்ட்வேர் கடையில் 18 மில்லிமீட்டர் தடிமனில் மூன்று வகை இருந்தன: துகள்பலகை, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப், பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகை. கடை தவுக்கே மூன்றின் வெட்டுத் துண்டுகளையும் எனக்கு இலவசமாகக் கொடுத்தார். ஓரிரவு முழுவதும் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன்.

காலையில் துகள்பலகை விளிம்பு விரிந்து பிளந்திருந்தது. எம்டிஎஃப் வழுவழுப்பாகவே இருந்தாலும் ஓரம் தடித்துவிட்டது. இரண்டையும் வெயிலில் காயவைத்தும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அழுத்தி ஒட்டிய சில்லுகளும் நார்களும் தண்ணீர் குடித்ததும் விரிகின்றன. விரிந்தவை காய்ந்தாலும் மறுபடி தாமாக அழுந்திக்கொள்வதில்லை. ஒட்டுப்பலகை கனத்திருந்தது, நிறம் மங்கியிருந்தது, ஆனால் வடிவம் மாறவில்லை. அதில் மெல்லிய மரத்தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, நாரின் திசையை மாற்றி மாற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பார்கள். ஒரு தகடு ஒரு பக்கம் விரியப் பார்த்தால் அடுத்த தகடு அதை இழுத்துப் பிடிக்கிறது.

ஒட்டுப்பலகையிலும் எல்லாம் ஒன்றல்ல. தகடுகளை ஒட்டிய பசை எது என்று கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண வகையும் உண்டு. கொதிநீரையும் தாங்கும் பசையில் ஒட்டியதும் உண்டு. நான் இரண்டாவதைக் கேட்டேன். நான்கடிக்கு எட்டடி ஒரு பலகை 126 ரிங்கிட்.

கதவுக்கு மட்டும் என் மனத்தில் வேறொன்று இருந்தது. கடையின் ஓரத்தில் ரப்பர் மரப் பலகைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். பாலேட்டு நிறம், நேர்த்தியான நார். பாட்டி சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். பாட்டி வெட்டிய மரத்திலேயே பாட்டிக்குக் கதவு! எனக்கே என் யோசனை மிகவும் பிடித்துப்போனது.

அங்கிள் ஒரே வார்த்தையில் தண்ணீர் ஊற்றினார்: "பூஞ்சை." ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். அதனால் அறுத்த சில நாளிலேயே நீலப் பூஞ்சையும் வண்டும் ஏறிவிடும். ஆலையில் அறுத்த உடனே போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் செலுத்தி, சூளையில் உலர்த்தியே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்குள் மேசை நாற்காலிக்கு அது அருமையான மரம். ஆனால் அடிக்கடி நனையும் இடத்தில் அந்த உப்பு தண்ணீரோடு கரைந்து வெளியேறிவிடும். பிறகு பூஞ்சைக்கு மறுபடி விருந்துதான்.

அன்று இரவு இதைப் பாட்டியிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம் வேறொன்றில். "பால்மரத்துல மேசை செய்யறாங்களா?" அவர் காலத்தில், பால் வற்றிய மரத்தைச் சாய்த்தால் விறகுதான். இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்த மரங்களை வேரோடு தள்ளி, தோட்டத்திலேயே குவித்து எரித்ததையும் பார்த்திருக்கிறார். இன்று ஜொகூரில் மூவார் நகரைச் சுற்றியுள்ள ஆலைகளிலிருந்து அதே மரம் கட்டிலும் நாற்காலியுமாகக் கப்பலேறுகிறது என்றபோது, "எங்க காலத்துல தெரிஞ்சிருந்தா ஒரு கட்டிலாவது செஞ்சிருப்போம். மரப்பலகையில பாயைப் போட்டுல்ல படுத்தோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ரப்பர் மரத்தில் இரண்டு துண்டு மட்டும் வாங்கினேன், கதவின் கைப்பிடிக்கு. கெட்டால் திருகாணியைக் கழற்றி மாற்றிவிடலாம்.

36 மில்லிமீட்டர்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பெரிய பலகையை நீங்களே அறுக்க வேண்டியதில்லை. பல கடைகளில் வெட்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, மேசை ரம்பத்தில் நேராக வெட்டித் தருவார்கள். நீங்கள் அளவுப் பட்டியலைச் சரியாகக் கொடுத்தால் போதும். என் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அலமாரியின் அகலம் 600 மில்லிமீட்டர் என்று முடிவு செய்திருந்தேன். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மலக்கூடத் தொட்டி. நடுவில் இருந்தது 615 தான். பக்கப்பலகை இரண்டு, அடிப்பலகை ஒன்று, முன்கட்டை, பின்கட்டை என்று பட்டியல் எழுதினேன். அடிப்பலகைக்கு எதிரே 600 என்று எழுதினேன். கடையில் 600 என்று வெட்டித் தந்தார்கள். வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தி அளந்தால் 636 வருகிறது. அளவு நாடாவில் கோளாறு என்று நினைத்து அம்மாவின் தையல் நாடாவைக் கொண்டுவந்து அளந்தேன். அதுவும் 636.

அடிப்பலகையின் இரு பக்கமும் 18 மில்லிமீட்டர் பலகை நிற்கிறது. அந்த 36-ஐ நான் கழிக்கவே இல்லை. இரண்டாம் ஆண்டுப் பொறியியல் மாணவி நான். தம்பி இதை இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறான்.

பலகை நீளமாக இருந்ததால் பிழைத்தேன். அடுத்த நாள் கடைக்குப் போய் 564-ஆக வெட்டி வாங்கி வந்தேன். குட்டையாக வெட்டியிருந்தால் இன்னொரு முழுப் பலகைதான்.

இதே பட்டியலில் இன்னொரு பிழையும் ஒளிந்திருந்தது. பலகையின் அகலம் 1,220. அதில் 350, 350, 350, 170 என்று நான்கு கீற்று போட்டிருந்தேன். கூட்டினால் மிகச் சரியாக 1,220. கணக்கு அழகாக முடிந்ததில் எனக்குப் பெருமை வேறு. கடைசிக் கீற்று 161 ஆக வந்தது. ரம்பம் வெட்டும்போது அதன் பல்லின் அகலத்துக்கு மரம் தூளாகப் போகிறது. ஒரு வெட்டுக்கு 3 மில்லிமீட்டர், மூன்று வெட்டுக்கு 9. அந்த இழப்பு சிறிய கட்டைகளுக்கான கீற்றில் விழுந்ததால் பெரிய சேதமில்லை.

மேலும் ஒரு வேடிக்கை. 18 மில்லிமீட்டர் என்று விற்கும் பலகையை அளந்தால் 17தான் இருக்கிறது. எனவே என் பெட்டி முடிவில் 598 ஆனது. கதவு இரண்டையும் பெட்டியை அளந்த பிறகு வெட்டியதால் இந்த 2 மில்லிமீட்டரில் மாட்டாமல் தப்பினேன்: கதவுக்கு 297, நடுவில் 2 இடைவெளி, இரு ஓரத்திலும் 1. கதவை முதலிலேயே வெட்டிவிட வேண்டாம் என்று சொன்னதும் அங்கிள்தான்.

பெட்டியைச் சேர்ப்பது நான் பயந்த அளவுக்குக் கடினமில்லை. நீர் தாங்கும் பசை, திருகாணி, இரவல் வாங்கிய நான்கு இரும்புக் கவ்விகள். திருகாணிக்கு முன் அதைவிட மெல்லிய ஊசியால் துளை போடாவிட்டால் ஒட்டுப்பலகையின் ஓரம் பிளந்துவிடும். ஒரு மூலையைப் பிளந்து பார்த்துத்தான் அதைக் கற்றேன். பெட்டி சதுரமாக நிற்கிறதா என்பதை மூலைவிட்டங்களால் சரிபார்க்கலாம். நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டங்களும் சமம். முதலில் எனக்கு 776-உம் 783-உம் வந்தன. பசை காய்வதற்குள் நீண்ட மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் கவ்வியால் நெருக்கினேன். இரண்டும் 779-ஐ ஒட்டி வந்து நின்றன. கணிதப் புத்தகத்தில் இருந்த ஒன்று என் கைக்குள் நகர்ந்து சரியான இடத்தில் நின்ற அந்தக் கணம், இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கணம்.

பிறகு பூச்சு. இதில்தான் பொறுமை வேண்டும். பலகையின் முகப்பைவிட அறுத்த ஓரத்தில்தான் தண்ணீர் அதிகம் ஏறும். நாரின் முனைகள் அங்கே உறிஞ்சுகுழல்போலத் திறந்திருக்கின்றன. பாலியுரித்தேன் பூச்சை முதல் முறை மெலிதாகக் கரைத்து ஓரங்கள் குடிக்கும் வரை குடிக்கவிட்டேன். பிறகு முகப்புக்கு மூன்று பூச்சு, ஓரங்களுக்கு ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். டின்னில் போட்டிருந்த உலரும் நேரத்தை நம்பாதீர்கள். மாலை மழை பிடித்துக்கொண்ட அந்த வாரத்தில் ஒரு பூச்சு காய ஒரு முழு நாளுக்குமேல் ஆனது. அவசரப்பட்டுத் தொட்ட இடத்தில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் இருக்கிறது.

உள்ளே போகாத பெட்டி

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் தம்பியும் குளியலறைக்குப் போனோம். பேசின் சுவரில் தன் சொந்த ஆணிகளில் நிற்பது. அலமாரி அதன் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. மேல்புறம் திறந்த பெட்டியை அடியிலிருந்து தூக்கி, பேசினின் குழிப்பகுதி உள்ளே இறங்குமாறு வைத்துச் சுவரோடு திருகிவிட்டால் முடிந்தது. அப்படித்தான் படத்தில் போட்டிருந்தேன்.

பெட்டி பாதி வழியில் நின்றுவிட்டது. பேசினிலிருந்து கழிவுக் குழாய் வளைந்து சுவருக்குள் போகிறது. பக்கத்தில் தண்ணீர் வால்வு சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டியின் மேல் பின்கட்டை கீழிருந்து மேலே ஏறும் வழியில் இந்த இரண்டையும் தாண்ட வேண்டும். மரம் எப்படிக் குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வரும்? முன்பக்கத் தோற்றம், பக்கத் தோற்றம், மேல் தோற்றம் என்று மூன்று படம் வரைந்திருந்தேன். அலமாரி எந்த வழியாக உள்ளே போகும் என்ற படத்தைத்தான் வரையவில்லை.

தம்பி சிரிக்கவில்லை. அவ்வளவு மோசமாக இருந்தது என் முகம்.

அங்கிள் வந்து பார்த்தார். வாளி மறுபடி கவிழ்ந்தது. கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, பின்கட்டையைக் காட்டி, "இது எதற்கு?" என்றார். சுவரோடு திருகுவதற்கு என்றேன். "அப்படியானால் அது சுவருடையது. பெட்டியுடையது அல்ல."

புரிந்துவிட்டது. நல்ல வேளை, அந்தக் கட்டையில் பசை போடவில்லை; திருகாணி மட்டும்தான். கழற்றி எடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, வால்வுக்கு மேலே சுவரிலேயே பொருத்தினேன். அடிப்பலகை உட்காருவதற்குக் கீழே இன்னொரு கட்டை. பிறகு பின்பக்கம் திறந்திருந்த பெட்டி குழாயைச் சுற்றிக்கொண்டு தடையில்லாமல் ஏறிக் கீழ்க்கட்டையில் அமர்ந்தது. பக்கப்பலகைகளை மேல்கட்டையோடு திருகி முடித்தோம். பின்பலகை இல்லாததும் நல்லதாகவே போயிற்று. உள்ளே காற்று போய் வருகிறது, குழாய் கசிந்தால் உடனே தெரிகிறது.

கதவுக் கீலுக்குப் பலகையில் 35 மில்லிமீட்டர் விட்டத்தில் கிண்ணம்போலக் குழி தோண்ட வேண்டும், ஏறக்குறைய 12 ஆழத்துக்கு. 17 மில்லிமீட்டர் பலகையில் 12 போனால் மீதி 5. ஊசியின் நடுவே இருக்கும் கூர்முனை குழியைவிட ஆழமாக இறங்கும் என்பதை மூன்றாவது குழியில் நான் மறந்தேன். கதவின் முன்பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை எட்டிப் பார்த்தது. அதன்மேல் ஒரு சொட்டுப் பூச்சை வைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை.

கைப்பிடிக் கம்பி, பலகை, பூச்சு, கீல், திருகாணி எல்லாம் சேர்த்து 312 ரிங்கிட் ஆனது. இயந்திரமும் கவ்விகளும் அங்கிளுடையவை. தீபாவளிக்கு அம்மா அனுப்பிய முறுக்கு டின்னைத் தவிர அவர் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. நேரக் கணக்கையும் சொல்ல வேண்டும்: கிட்டத்தட்ட மூன்று வாரம். குத்தகையாளர் இரண்டு நாளில் முடித்திருப்பார். அவர் கேட்ட விலை அநியாயம் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பாட்டியின் கை எங்கே நீள்கிறது என்று பார்க்க அவர் நான்கு நாள் வாசலில் நின்றிருக்க மாட்டார்.

பாட்டி முதல் நாள் அலமாரியைத் திறந்து மூடிப் பார்த்தார். ரப்பர் மரக் கைப்பிடியைத் தடவி, "இதா? நல்லாத்தான் இருக்கு" என்றார். பழைய பழக்கத்தில் கை சில நாள் கதவின் பக்கமே போனது. இப்போது நேராகக் கம்பிக்குப் போகிறது. கம்பியில் ஈரத் துண்டைக் காயப்போடக் கூடாது என்று அம்மாவிடம்தான் இன்னும் சண்டை.

சென்ற வாரம் விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது டார்ச் விளக்கை வைத்து அடிப்பலகை முதல் மேல்விளிம்பு வரை பார்த்தேன். ஓரங்களில் உப்பல் இல்லை. கைப்பிடிகளில் பூஞ்சை இல்லை. வலது கதவின் முன்பக்கத்தில் மட்டும், அந்தக் குண்டூசித் துளையைச் சுற்றி, ஐந்து சென் காசு அளவுக்கு ஒரு கருவளையம் படர்ந்திருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு அந்தக் கதவைக் கழற்ற வேண்டும். 297-க்கு 500. எழுதி வைத்துவிட்டேன்.